மயக்க ஊசிக்கு முன்னால்



தோட்டத்து டிஸ்பென்சரியில் காலமெல்லாம் வேலை பார்த்த தங்கள் தந்தையின் நினைவாகப் பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. ஆண்டுக்கு ஒருவர், தோட்டத்து மக்களுக்கு விளங்கும்படி, உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். அவர்கள் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். நான் சத்திரசிகிச்சைக்கூடத்தில் நோயாளியின் தலைமாட்டில் நின்று வேலை செய்தவன். கத்தி பிடித்தவரை எல்லோருக்கும் நினைவிருக்கும். மயக்க மருந்து கொடுத்தவரின் முகம் யாருக்கும் நினைவிருக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை. மருந்து வேலை செய்தது என்பதற்கு அதுதானே அத்தாட்சி!

அந்த மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒருவரை மயக்க, கழுத்துக் கட்டி அறுத்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்ப்சன் என்ற வைத்தியர் குளோரோபோமைக் கொண்டுவந்தார். அதே 1847இல்தான், பின்னாளில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென ஒரு சட்டம் வர 1872 ஆயிற்று. நம் காலத்துக்கு வந்தால், 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடத்தைத் திறந்துவிட்டு இந்த நோர்வூட் மைதானத்தில் பேசியதை உங்களில் பலர் நேரில் கேட்டிருப்பீர்கள். 1990 என்ற தொலைபேசி இலக்கத்து அம்புலன்ஸ் சேவை மற்ற மாகாணங்களுக்கும் வரும் என்று அவர் அறிவித்ததும் அன்றைக்குத்தான்.

கட்டடமும் வண்டியும் வந்துவிட்டன. நான் பேச வந்தது அவற்றைப் பற்றியல்ல. மயக்க ஊசி ஏறுவதற்கு முன்னால் எங்களுக்கும் உங்களுக்கும் இடையே நடக்கும் பேச்சைப் பற்றி. என் தொழிலில் ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் கிடப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். 1946இல் நியூயோர்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேற்று வைத்தியர் 44,016 கர்ப்பங்களைப் பார்த்து, 66 பேருக்கு இப்படி நடந்ததாக எழுதினார். அதற்குப் பிறகு, இரவு 12 மணிக்குமேல் பச்சைத் தண்ணீரும் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவியது. இப்போது அது மாறிவிட்டது. திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம்; தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம் போதும். பால் சேராத சாயத் தண்ணி தெளிந்த பானந்தான்! தேயிலை நாட்டில் இதை உரக்கச் சொல்லலாம். சீனி போட்டுக் குடித்தாலும் குற்றமில்லை. பால் விட்டால் கணக்கு வேறு. நீரிழிவோ குடல் அடைப்போ உள்ளவர்களுக்கும் பிரசவ வலியில் இருப்பவர்களுக்கும் வைத்தியர் வேறு நேரம் சொல்வார், அதையே பின்பற்றுங்கள்.

இங்கே நடப்பது வேறு. சாமிமலையிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ விடியுமுன் புறப்படுகிறார்கள். பயணம் தூரம் என்று அம்மா இரண்டு ரொட்டி சாப்பிட வைக்கிறார். வார்டில் கேட்டால், ஏசுவார்களோ, ஒப்பரேஷன் தள்ளிப்போகுமோ, இன்னொரு நாள் பேர், அதாவது கூலி, போய்விடுமோ என்ற பயத்தில் “ஒன்னும் சாப்பிடலீங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நோயாளியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏசாமல், விளங்கும் மொழியில் கேட்கிற ஆளை வார்டில் வைப்பது எங்கள் பொறுப்பு. சாப்பிட்டதைச் சொன்னால் சில மணி நேரம் பொறுப்போம், அவ்வளவுதான்.

வெற்றிலைக்கும் இதே கதை. பல வருஷமாகப் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உட்புறச் சவ்வு இறுகி, இரண்டு விரல்கூட நுழையாமல் போவதுண்டு. மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்க வாய் திறக்க வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் நுனியில் கமெரா பொருத்திய கருவியையோ, மூக்குவழி போகும் வளையும் குழாயையோ எடுத்து வைப்போம். மயக்கிய பிறகு தெரிந்தால் கையில் இருப்பது சில நிமிடம். ஆடும் பல்லையும் சொல்லுங்கள். கசிப்புக் குடிப்பதையும் சொல்லுங்கள், பொலிசுக்குச் சொல்ல மாட்டோம்.

அடுத்தது முதுகு ஊசி. சிசேரியன் செய்துகொண்ட தாய்மாரிடம் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு, “முதுகுல ஊசி போட்டதுல இருந்து இடுப்பு போச்சு” என்பது. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும். எழுந்து உட்கார்ந்தால் இடித்து, படுத்தால் குறைகிற தலைவலி சிலருக்கு வரும். நுனி கூராக வெட்டாத மெல்லிய ஊசிகள் வந்தபின் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தால் மறைக்காமல் திரும்ப வாருங்கள், வைத்தியம் உண்டு. ஆனால் வருஷக் கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. கர்ப்பமே முதுகைத் தளர்த்துகிறது. அதன்மேல் தலையில் கயிறு மாட்டிய கூடை, செங்குத்து மலை, குனிந்தே பார்க்கும் வேலை. பழியை ஊசியின்மேல் போட்டுவிட்டால் கூடையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தோட்ட நிர்வாகங்களுக்கு இது வசதிதான்.

இனிப் பெயர். 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கூடத்துக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தந்தது. எட்டு நகரங்களில் சோதித்தபோது மரணம் 100க்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது. அதன் முதல் கேள்வி நோயாளி யார் என்பது. நம்மவருக்கு வீட்டில் ஒரு பெயர், தோட்டப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், பதிவாளர் கேட்டபடி எழுதியதால் அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அட்டையில் உள்ளதைச் சொல்லுங்கள்.

நோயாளியின் பேச்சுக்குக் கருவியும் ஈடாகாது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். அது இயங்கும் தத்துவத்தை 1970களில் ஜப்பானில் அயோயாகி என்பவர் கண்டார். அதற்குமுன் உதட்டு நிறத்தைப் பார்த்துத்தான் எங்களவர் காலம் தள்ளினார்கள். ஆனால் கறுத்த தோலில் அந்த மானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று எச்சரித்தது. மூச்சு முட்டுகிறது என்று நோயாளி சொன்னால் எண்ணை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள் என்று இளம் வைத்தியர்களுக்குச் சொல்வேன்.

மருந்தே கைவிட்ட காலத்தையும் கண்டோம். 2022 மார்ச்சில் பேராதனை வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. தசை தளர்த்தும் மருந்தின் வேகத்தை முறிக்கும் நியோஸ்டிக்மின்கூட இல்லை. 2023இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் பார்வை சொட்டு மருந்தால் பாதிக்கப்பட்டது. மலிவாக, அவசரமாக, சோதிக்காமல் வாங்கினால் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

கடைசியாக வலி. வயிற்றில் வெட்டிய பிறகு வலியை அடக்கிக்கொண்டு கிடப்பவர் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், இரும மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். வலி பத்துக்கு எத்தனை என்று தாதி கேட்டால் நம் பெண்கள் “பரவால்லீங்க” என்கிறார்கள். அந்தப் பதிலை அட்டவணையில் எழுத இடமில்லை.

புற்றுநோயோடு லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுக்கு உதவுவது வாயால் குடிக்கும் மோர்பின். விலை குறைந்தது, நாலு மணி நேரத்துக்கொரு முறை அளவாகக் கொடுப்பது. உலகில் ஆண்டுதோறும் பகிரப்படும் மோர்பின் வகை மருந்துகள் 298.5 தொன் என்றும், அதில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன் மட்டுமே என்றும் 2017இல் லான்செட் ஆணைக்குழு கணக்கிட்டது. “மோர்பின் குடுத்தா போயிருவாங்க” என்ற பயமும் நம்மிடம் இருக்கிறது. சரியான அளவில் அது உயிரைப் பறிப்பதில்லை, தூங்க விடுகிறது.

1993இல் கோழிக்கோட்டில் இத்தகைய நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பணியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஜகோபால் என் தொழில்காரர், மயக்க மருந்து வைத்தியர். பின்னர் கேரளம் முழுவதும் அது பரவியதற்குக் காரணம் அக்கம்பக்கத்து மனிதர்கள். கற்றுக்கொண்டு, நோயாளியின் வீட்டுக்குப் போய், வலி எப்படி என்று கேட்டு, வைத்தியரிடம் வந்து சொன்னவர்கள். நோர்வூட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் அப்படி இரண்டு பேர் இருந்தால் போதும். பயிற்சி கொடுக்க நான் தயார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்.