தோளில் எந்த உருவம்?

துறைமுகத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவன் தாயுடன் வீட்டுக்கு வந்திருந்தான். "சேர், தோளில பச்சை குத்தப் போறன். புலியா, சிங்கமா, பத்துத் தலை இராவணனா? நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றான்.

தாயின் முகம் கறுத்தது. 2009இல் முடிந்த போரின்போது அவனைக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்தவர் அவர். இந்த நாட்டில் சிங்கமும் புலியும் வெறும் விலங்குகள் அல்ல என்பதை அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இராவணன் நமக்கு அயலான் அல்லன். தாயின் வழிபாட்டுக்காகக் கோணமலையையே பெயர்க்க முயன்றான் என்பது ஐதீகம். இராவணன் வெட்டு அதற்குச் சாட்சி என்பார்கள். ஆனால், பத்துத் தலையைக் குத்துகிறவன் நினைப்பது அந்தத் தாயன்பையா, செருக்கையா?

"தம்பி, பிரெட்றிக் கோட்டை வாசலைக் கவனித்திருக்கிறாயா?" என்றேன். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அந்த வாசற் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் இன்றும் இருக்கிறது. அரசுகள் போயின, கயல்கள் இமைக்காமல் பார்த்திருக்கின்றன.

அவன் யோசித்தான். தாய்தான் முந்திக்கொண்டார்: "மீன் எண்டால் குத்தட்டும், சேர்."