கணக்கு முடிஞ்சா உறவும் முடியுமா?

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல 3 வாரம் கேப். காரணம் ஒரு சாவு.

எங்க வீடு கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைன்ல இருக்கு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். லைன் வீடுன்னா ஒரே கூரை, வரிசையா வீடுகள், நடுவுல ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தாத்தா இறந்துட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ். கோயம்புத்தூர்ல இருந்து பக்கம்தான், ஆனாலும் போகலை. அவர் மகனுக்கு ஜிபேல 5000 ரூபாய் அனுப்பினேன். மறுநாள் அம்மா போன்ல, "காசு வந்துச்சுடா. நீ வரலையேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. நேர்ல வந்தவங்க யாரும் அவ்வளவு கொடுத்திருக்க மாட்டாங்க. அப்புறம் ஏன் நான்தான் தப்பு செஞ்சவன் மாதிரி இருக்கு?

1971-ல ராபர்ட் டிரிவர்ஸ் என்ற உயிரியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். சொந்தக்காரங்க இல்லாதவங்களுக்கு ஏன் உதவுறோம்? இன்னிக்கு நான், நாளைக்கு நீ. சின்னக் கூட்டமா வாழ்ந்த நம்ம முன்னோர்கள் யார் செஞ்சாங்க, யார் ஏமாத்தினாங்கன்னு ஞாபகம் வெச்சிருக்கணும். நன்றி, குற்ற உணர்ச்சி, கோபம் எல்லாம் அந்தக் கணக்கைப் பார்க்குறதுக்காக வளர்ந்த உணர்ச்சிகள்னு அவர் வாதம். பிறகு ராபர்ட் ஆக்ஸல்ராட் இதையே கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு நடுவுல போட்டியா நடத்தினார். ஜெயிச்சது இருந்ததிலேயே சின்ன புரோகிராம்: முதல்ல ஒத்துழை, அப்புறம் எதிராளி செஞ்சதையே திருப்பிச் செய். நம்ம ஆளுங்க எழுதுற கோடைப் பார்த்தா ஆக்ஸல்ராட் அழுதிருப்பார், அது வேற. முக்கியமான விஷயம், திரும்பவும் சந்திப்போம்னு இருந்தாத்தான் இது வேலை செய்யும். இதுதான் கடைசி ஆட்டம்னு தெரிஞ்சா ஏமாத்துறதுதான் லாபம்.

இதோட நிஜ உதாரணம் எங்க மலையிலேயே இருந்திருக்கு. தோடர்கள் எருமை வளர்த்து நெய் கொடுத்தாங்க. படகர்கள் தானியம் விளைவிச்சாங்க. குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தாங்க. கோத்தர்கள் பானை செஞ்சாங்க, இரும்பு அடிச்சாங்க, சாவுக்கு வாத்தியம் வாசிச்சாங்க. ஒவ்வொரு கோத்தர் குடும்பத்துக்கும் இன்னின்ன படகர் குடும்பங்கள்னு தலைமுறையா தொடர்பு. அரிவாளுக்கு இவ்வளவு, வாத்தியத்துக்கு இவ்வளவுன்னு அப்பப்போ பைசல் பண்றது கிடையாது. அறுவடையில பங்கு வரும். கணக்கு எப்பவும் கொஞ்சம் பாக்கியிலேயே ஓடும்.

இதைச் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. வாத்தியம் வாசிச்ச கோத்தர்களை மத்தவங்க தாழ்வாத்தான் பார்த்தாங்க. காட்டுக்குள்ள தள்ளி இருந்த குறும்பர்கள் மேல சூனியப் பயம். ஊர்ல நோய் வந்தா பழி அவங்க மேல. 19ஆம் நூற்றாண்டுல அதுக்காக குறும்பர்களைக் கொன்னிருக்காங்க. தினமும் முகம் பார்க்காத ஆளைப் பத்தி மனசு கதை கட்டும். அதுவும் அதே பழைய மூளைதான்.

டேவிட் மண்டல்பாம் என்ற மானிடவியலாளர் 1930கள்ல கோத்தர்கள்கிட்ட வந்து தங்கினப்போ அந்த ஏற்பாடு உடைஞ்சுக்கிட்டு இருந்தது. காசுப் பயிர், சந்தை, கடையில பானை. சுமார் 1000 பேர் இருந்த கோத்தர்கள் பல்லாயிரம் படகர்களுக்கு எப்படி ஈடு கொடுப்பாங்க? படகர்கள்லயே சிலர் கோத்தர் வாத்தியம் வேண்டாம்னாங்க. காசு கொடுத்து வாங்கினா அன்னிக்கே கணக்கு முடிஞ்சுடும். தாழ்வாப் பார்க்கப்பட்ட கோத்தருக்கு அது ஒருவிதத்துல விடுதலையும்தான். ஆனா அடுத்த வருஷம் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறதுக்குக் காரணம் இல்லை.

அந்த 5000 ரூபாயில நான் செஞ்சதும் பைசல்தான்.

கருமாதிக்குப் போனேன். தாத்தாவோட மகன் எதுவும் கேட்கலை. "சோத்து அண்டாவைப் பிடி தம்பி"ன்னார். பிடிச்சேன். ராத்திரி அம்மா சொன்னாங்க: அந்தக் காசை அவர் திருப்பி அனுப்புறதா இருந்தாராம், இவங்கதான் தடுத்தாங்களாம். கிளம்பும்போது அவர் ஒரு பையில நாலு பட்டர் ஃப்ரூட் போட்டுக் கொடுத்தார். வேண்டாம்னு சொல்லாம வாங்கிட்டேன்.