எச்சம் நிரப்பும் பொறி

ஆங்கில அகராதி வெளியிடும் காலின்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு சொல்லை அவ்வாண்டின் சொல்லெனத் தேர்ந்து அறிவிப்பது வழக்கம். 2025ஆம் ஆண்டுக்கு அது தேர்ந்தது ‘வைப் கோடிங்’ என்னும் தொடர். கணிப்பொறித் துறையில் பெயர்பெற்ற ஆந்திரே கார்ப்பத்தி என்பார் அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில்தான் அத்தொடரை எழுதினார். ஓராண்டு நிறைவதற்குள் அகராதியாளர் கண்ணில் அது பட்டுவிட்டது. வேண்டியதை இயல்பான பேச்சில் சொல்லிவிட்டு, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலைப் படித்தும் பாராமல் ஏற்றுக்கொள்வதே அதன் பொருள். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. ‘சொல்லிப் பெறுதல்’ என இவ்வுரையில் அது வழங்கப்பெறும். நிரலர்களுக்கு மட்டுமே உரிய செய்தி எனின் ஓர் இலக்கிய அவையில் இதற்கு இடமில்லை. சொல்லைக் கொண்டே செயலியை ஆக்கும் நிலை வந்துவிட்டமையால், சொல்லை ஆள்வோரும் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது.

மனிதர் மொழியில் பொறியோடு பேச வேண்டும் என்னும் ஆசை புதியதன்று. அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952இலேயே, மனிதர் எழுதும் கட்டளையைப் பொறியின் கட்டளையாக மாற்றித் தரும் நிரலுக்கு வித்திட்டார். கட்டளைகளை ஆங்கிலச் சொற்களால் எழுதலாம் என அவர் வாதிட்டதோடு நில்லாமல், அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மானியத்திலும் எழுதி இயக்கிக் காட்டினார். அமெரிக்காவில் செய்த பொறிக்குப் பிரெஞ்சு எவ்வாறு விளங்கும் என்று மேலாளர்கள் மிரண்டு போயினராம். அம்மையாரே இதனைப் பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார். அம்முயற்சியின் வழிவந்தது 1959இல் உருப்பெறத் தொடங்கிய கோபால் மொழி. ஒலியளவில் அது தமிழர் வீட்டுப் பிள்ளையின் பெயர்போல் இருப்பினும், பார்வைக்கு ஆங்கிலம் போன்றது. ஆங்கிலத்தின் நெகிழ்வு அதற்கில்லை. ஒரு முற்றுப்புள்ளி தவறினாலும் மறுத்துவிடும். டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவோ, 1970களின் இறுதியில் எழுதிய குறிப்பொன்றில், இயல்பு மொழியில் நிரல் எழுத விழைவதே பேதைமை என்றார். கணிதம் போன்ற கட்டுமொழியைச் சுமையென்று எண்ணுவோர், பொருளற்ற கூற்றுகளை அது வாயிலிலேயே தடுத்துவிடுவதை மறந்துவிடுகின்றனர் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்திற்கு இன்றளவும் தக்க மறுமொழி கிடைக்கவில்லை. ஆயினும் உலகம் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை.

கைப்பேசிக்கான செயலியை எளியோரும் ஆக்க, வண்ணக் கட்டங்களை இணைத்து நிரல் செய்யும் ‘ஆப் இன்வென்டர்’ என்னும் கருவியைக் கூகுள் 2010இல் வெளியிட்டது, பின்னர் எம்.ஐ.டி. கல்விநிறுவனம் அதனைப் பேணி வருகிறது. கைப்பேசித் திரையிலேயே நிரல் எழுதும் ‘டச்டெவலப்’ என்பதனை மைக்ரோசாப்ட் ஆய்வகம் 2011இல் தந்தது. இவை இரண்டிலும் ஒவ்வொரு படியையும் மனிதரே எண்ணி அடுக்க வேண்டியிருந்தது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலைமை மாறியது. இன்று கைப்பேசியை எடுத்து, வேண்டியதைச் சொல்லி, சற்றுப் பொறுத்தால் செயலியொன்று திரையில் நிற்கிறது. உண்மையில் கைப்பேசி செய்வது சொற்பம். சொற்கள் தொலைவிலுள்ள பெருங்கணினிகளுக்குச் செல்கின்றன. நிரல் அங்கே எழுதப்பெற்று, பெரும்பாலும் ஓர் இணையப் பக்கமாகத் திரும்பி வருகிறது. ஆதலின் விலை குறைந்த கைப்பேசியும் இதற்குப் போதுமானது. இதிலொரு சிக்கலும் உண்டு. பல நூறு வரி நிரலை உள்ளங்கை அகலத் திரையில் படித்துச் சரிபார்ப்பது அறிந்தோர்க்கும் அரிது. மேசைக் கணினியில் நிரலைப் படியாமல் விடுவது சோம்பல். கைப்பேசியிலோ அதுவே இயல்பாகிவிடுகிறது.

இலக்கிய அமைப்பொன்றின் சிறு நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், “நூல்களையும் உறுப்பினர்களையும் பதிந்து, யார் எந்நூலை எடுத்துச் சென்றார் என்று காட்டும் செயலி வேண்டும்” எனக் கேட்கிறார் என்று கொள்க. அவர் சொன்னது ஒரே வாக்கியம். அவர் சொல்லாதவை எத்தனை! தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்றே பெயரிட்டு, எச்சங்கள் பத்து என வகுத்தார். சொல்லெச்சமும் குறிப்பெச்சமும் அவற்றுள் அடங்கும். கூறாது விட்டதைக் கேட்போன் தன் அறிவால் நிரப்பிக் கொள்கிறான். பேச்சு நடைபெறுவதே அதனால்தான். பழைய கணிமொழிகள் எச்சத்தை ஏற்கமாட்டா. குறை கண்டால் நின்றுவிடும். இப்புதிய பொறியோ நிற்பதில்லை. எச்சங்களையெல்லாம் தானே நிரப்பிவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் ஒரு கேள்வியும் கேளாமல்.

எதனைக் கொண்டு நிரப்புகிறது? தான் பயின்ற நிரல்களின் வழக்கத்தைக் கொண்டு. அவற்றுள் மிகப் பல ஆங்கிலச் சூழலில் எழுந்தவை. ஆதலின் உறுப்பினர் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் வந்து அமரலாம். தலைப்பெழுத்தோடு வழங்கும் தமிழ்ப் பெயர் அங்கே திண்டாடும். பதிவுகள் எங்கே சேமிக்கப்பெற வேண்டும் என்று சொல்லாவிடில், அந்த ஒரு கைப்பேசியின் உலாவிக்குள்ளேயே அவை தங்கிவிடக் கூடும். உலாவியின் தரவைத் துடைத்த அன்று நூலகப் பதிவேடும் போய்விடும்.

நூற்பட்டியலின் வரிசை இன்னும் நுட்பமானது. கலை, கவி, கழனி, களம், கற்பு, கனவு என்பது தமிழ் அகராதி காட்டும் முறை. ய ர ல வ ழ ள ற ன எனப் பள்ளியில் பயின்ற எவரும் இதனை அறிவர். ஒருங்குறியில் தமிழெழுத்துகளின் இருக்கை வேறு. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்கென முன்பு வகுக்கப்பெற்றிருந்த இஸ்கி அமைப்பை அடியொற்றியது. தேவநாகரியோடு இணையாக அடுக்கியமையால் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும் அமர்ந்தன. வகரம் ளகர ழகரங்களுக்குப் பின்னே சென்றது. எழுத்தெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலி அந்த ஆறு சொற்களைக் கனவு, கற்பு, கலை, களம், கழனி, கவி என்று தரும். முதலில் வர வேண்டியது மூன்றாவதாகவும், இறுதியில் வர வேண்டியது முதலாவதாகவும் நிற்கும். புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பிற்பட்டதாகையால், பக்கம் என்னும் சொல்லுக்கு முன்னே பகல் வந்துவிடும். பிழையென்று எவரும் எச்சரிக்கமாட்டார். செயலி ஓடும், பட்டியல் வரும், பார்ப்பவர் கணிப்பொறியின் வரிசை அதுதான் போலும் என்று அமைந்துவிடுவார். இத்தனைக்கும் தமிழ் முறைப்படி அடுக்கும் வழி உலாவிகளிலேயே உண்டு. “தமிழ் அகரவரிசையில் அடுக்குக” என்று இரண்டு மூன்று சொற்களைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அது கிடைத்திருக்கும்.

வரிசை பிறழ்வதால் எவர்க்கும் பெரும் இழப்பில்லை. உறுப்பினரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அயலார் கைக்குப் போவது அவ்வாறன்று. ‘லவபிள்’ என்னும் தளத்தில் சொல்லிப் பெற்ற செயலிகளை 2025இல் ஆய்வாளர் சிலர் சோதித்தனர். 1645 செயலிகளில் 170இல், பயனரின் தரவுகளை வெளியார் எவரும் எடுக்கக்கூடிய நிலை இருந்தது. அவற்றை ஆக்கியோர் எவரும் ‘கதவைத் திறந்து வை’ எனச் சொல்லியிருக்கமாட்டார்கள். ‘பூட்டு’ என்று சொல்லவில்லை, அவ்வளவே.

சொன்னால் மட்டும் போதுமா என்னும் வினாவும் எழத்தான் செய்கிறது. அதே ஆண்டு ஜூலையில், எதனையும் மாற்றாதே எனப் பலமுறை அறிவுறுத்தியிருந்தும், ‘ரெப்லிட்’ தளத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளன் தொழில்முனைவர் ஒருவருடைய தரவுக் களஞ்சியத்தை அழித்துவிட்டது. தரவு பின்னர் மீட்கப்பெற்றது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆதலின் படி எடுத்து வைக்கும் பழைய வழக்கம் இன்னும் பழையதாகிவிடவில்லை.

தமிழிலேயே இப்பொறியிடம் கேட்கலாமா எனில், கேட்கலாம். முன்பு அதற்குச் செலவு மிகுதி. பொறி எவ்வுரையையும் சிறு துண்டுகளாக்கியே படிக்கும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் புதிய பதிப்பை வெளியிட்டபோது காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் 27 துண்டாகவும் தமிழில் 116 துண்டாகவும் இருந்தது. புதிய முறையில் அவை முறையே 24, 35 எனக் குறைந்தன. தமிழுக்குரிய தண்டம் முற்றும் நீங்கவில்லை, பெரும்பகுதி நீங்கியது. இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முத்தையா அண்ணாமலை ‘எழில்’ என்னும் தமிழ்க் கணிமொழியை உருவாக்கி, 2009இல் அதுபற்றிக் கட்டுரையும் எழுதினார். அச்சிடுக என்பதற்கு அதில் ‘பதிப்பி’ என்று கட்டளை. எழிலில் எழுதுவோர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்றே எழுத வேண்டும். இன்று தமிழில் சொல்லிப் பெறுவோர்க்கு அக்கட்டாயம் இல்லை. அவ்வொழுக்கத்தை அவர்களே வருவித்துக்கொண்டாலன்றி அது வாராது.

மேற்சொன்ன நூலகர் மறுமுறை கேட்கும்போது, பெயர் ஒரே கட்டத்தில் தலைப்பெழுத்தோடு அமைக. நூற்பெயர்கள் தமிழ் அகரவரிசையில் வருக. உறுப்பினர் விவரம் பொறுப்பாளர் ஒருவர்க்கே தெரிக. வாரந்தோறும் பதிவேட்டின் படி ஒன்று தனியே சேர்க எனத் தமிழிலேயே எழுதித் தரலாம். செயலி வந்ததும் கலை முதல் கனவு வரையுள்ள அந்த ஆறு சொற்களையும் தாறுமாறாக உள்ளிட்டு, எம்முறையில் திரும்புகின்றன என்று அவர் பார்க்க வேண்டும். பின்பு வேறொருவர் கைப்பேசியில் அதே முகவரியைத் திறந்து, உறுப்பினர் எண்கள் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவ்விரண்டு சோதனைக்கும் நிரல் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை; ஐந்து நிமிடம் போதும்.