போடி மலையும் மும்பைப் படிப்பும்



போடிநாயக்கனூர் என்றவுடன் ஏலக்காய் மணமே நினைவுக்கு வரும். மலைச்சரிவுத் தோட்டங்களின் காய் இங்கு இறங்கித் தரம் பிரிக்கப்பெற்று ஏலத்துக்குச் செல்கின்றது. ஆயினும், பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையை இயற்பியல் மாணவர்கள் அறிந்தது வேறொரு காரணத்தால். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அது.

நியூட்ரினோ மின்னூட்டம் அற்ற நுண்துகள். ஞாயிற்றிலிருந்து வருவன மட்டுமே, விரல் நகத்தளவு இடத்தில் நொடிக்கு 6,000 கோடிக்கும் மேல் பாய்கின்றன. எவ்வுயிர்க்கும் எள்ளளவும் ஊறு செய்வதில்லை. எதனோடும் எளிதில் ஒட்டாத அத்துகளை இனங்காண, ஏனைய அண்டக்கதிர்களைத் தடுக்கும் திரை வேண்டும். பாறையே அத்திரை. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை நம் நாட்டறிஞர், ஜப்பான், பிரிட்டன் அறிஞரோடு கூடிக் கண்டறிந்தனர். பிற்காலத்தில் அச்சுரங்கம் மூடப்பட்டது. புதிய ஆய்வகத்துக்கு முதலில் நீலகிரியின் சிங்காரா கருதப்பட்டது. புலிகள் காப்பகத்தின் அருகாமையால் 2009இல் அது கைவிடப்பட, போடி மலையின் உறுதியான சார்னோகைட் பாறை தெரிவாயிற்று. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் குகைப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் காந்த இரும்புக் கருவி என்பது திட்டம்.

கருவியை இயக்கக் கற்றவர் வேண்டுமன்றோ? அதற்கெனவே 2008இல் ஒரு தனி ஆய்வுப்படிப்பு தொடங்கப்பெற்றது. இயற்பியல் முதுகலையினரும் பொறியியல் பட்டதாரிகளும் தேர்வெழுதி, நேர்காணலில் வென்று, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓராண்டு பாடம் பயில வேண்டியிருந்தது. பின்னர் கொல்கத்தா, அலகாபாத், சென்னை போன்ற இடங்களின் ஆய்வு நிறுவனங்களில் வழிகாட்டியரிடம் சேர்ந்து, ஓமி பாபா தேசிய நிறுவனத்தின் முனைவர் பட்டம் பெற முடிந்தது. தேறியோர் மிகச் சிலரே. போடியில் பிறந்த மாணவன் தன் ஊர் மலைக்கான கல்வியைப் பெற ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் செல்ல வேண்டியிருந்தது. 2010 முடிவில் நிறுத்தப்பட்ட தொடர்வண்டியும் 2023 சூனில்தான் அவ்வூருக்கு மீண்டு வந்தது!

மத்திய அமைச்சரவை 2015 சனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு இசைவளித்தது. வழக்குகள் எழுந்தன. 2018இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தும் பணி தொடங்கவில்லை. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இத்திட்டத்தை ஏற்க இயலாதென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. துகளால் தீங்கென்று பரவிய அச்சம் அறிவியலுக்கு ஒவ்வாது. ஆனால் பாறையை வெடிவைத்துக் குடைதல், நீரூற்றுகளின் நிலை, மதிகெட்டான் சோலையை ஒட்டிய புலிகளின் வழித்தடம் ஆகியன பற்றிய கேள்விகள் அத்தகையன அல்ல. கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்டோர் அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அங்ஙனமாயின், அப்படிப்பில் இடம் பெற்றோர் கதி யாது? கட்டப்படாத கருவி எவ்வாறு இயங்கும் என்பதைக் கணினியில் உருவகித்து ஆய்வேடு எழுதினோர் பலர். கண்ணாடித் தகடுகளுக்கிடையே வளிமம் நிரப்பிய உணர்கருவிகளைத் தம் கையால் செய்து பழகினோர் சிலர். குகை வரவில்லை; பட்டம் வந்தது. துகள் உணர்தலும் தரவுகளைப் பகுத்தறிதலும் எந்நாட்டு ஆய்வகத்துக்கும் வேண்டும் திறன்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் நம் இல்லங்களில் முதலில் எழும் வினா, விடுதியில் பொழுது சாய்வதற்குமுன் உணவு கிடைக்குமா என்பதே. நியாயமான வினாதான். அதனோடு மற்றொன்றையும் பிள்ளை கேட்டறிய வேண்டும்: திட்டம் நின்றுபோயினும் என் ஆய்வேட்டை முடிக்கத் தரவு எங்கிருந்து வரும்? நேர்காணலில் இதைக் கேட்டால் தேர்வாளர் சினப்பர் என்றஞ்ச வேண்டா. மெய்யான ஆசிரியர் மகிழவே செய்வர்.

இவ்வினாவுக்கு மதுரையில் ஒரு விடை உள்ளது. அங்கே 2018 முதல் 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவி அண்டக்கதிர்த் துகள்களைப் பதிவு செய்யத் தொடங்கிற்று. திட்டமிட்ட கருவியில் அறுநூற்றில் ஒரு பங்கே அது; தரையின்மேல் நிற்பது, மலையைக் குடையாதது. மாணவர்க்கு அளந்து ஆராய மெய்யான தரவு அதிலிருந்து கிடைத்தது.