இடாப்பில் இல்லாத பெயர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போனதும் முதல் அலுவல் இடாப்புக் கூப்பிடுவது. இரண்டு நாள் தொடர்ந்து ஒரு பிள்ளையைக் காணாவிட்டால் ரீச்சர் விடமாட்டார். "ஏன் வரேல்லை? ஆருக்கும் தெரியுமோ?" என்று விசாரித்த பிறகுதான் பாடம் தொடங்குவார். பெண்களின் பெயரைக் கூப்பிடாமலே பாடம் தொடங்கிய வகுப்புகளும் உலகில் உண்டு என்பதை, மருத்துவம் படிக்கப் போன பின்னரே நாம் அறிந்தோம்.

முதலில் எமது தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் வைத்தியர்களாகப் பணி தொடங்கிய காலம். ஐம்பத்தெட்டு வயதுடைய அம்மா ஒருவர் பின்னேரம் வைத்தியசாலைக்கு வந்தார். மேல்முதுகில் நோ, ஓங்காளம், இரண்டு நாளாகப் படி ஏற முடியாத களைப்பு. "வாய்வு போலை கிடக்கு, பிள்ளை. உள்ளி அவிச்சுக் குடிச்சனான், கேக்கேல்லை" என்றார். நாமும் வாய்வு என்றே எழுதி, குளிசை கொடுத்து அனுப்பினோம். அன்று அதே வயதுடைய ஐயா ஒருவர் நெஞ்செரிவு என்று வந்தார். அவருக்கு உடனே ஈசிஜி எடுத்தோம். அவருக்கு ஒன்றுமில்லை. அம்மாவோ மறுநாட் காலை மாரடைப்புடன் கொண்டுவரப்பட்டார். உயிர் தப்பினார், ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. அதன்பின் கிணற்றடிக்கு நடப்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. நாம் மன்னிப்புக் கேட்டபோது, "நான்தானே வாய்வு எண்டு சொன்னனான், உங்களிலை பிழையில்லை" என்று எம்மைத் தேற்றினார். பிழை எம்மில்தான் இருந்தது.

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு நோவே பிரதான அறிகுறி. ஆனால் களைப்பு, மூச்சு வாங்குதல், ஓங்காளம், முதுகிலோ தாடையிலோ நோ என்பவை பெண்களிலே கூடுதலாகக் காணப்படும். நாம் மனதில் வைத்திருந்த மாரடைப்பு நோயாளியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் ஆண் ஒருவர். அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

ஐக்கிய அமெரிக்காவில் 1977இல், கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துப் பரிசோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டல் வெளியாயிற்று. தலிடோமைட் மருந்தால் குழந்தைகள் ஊனத்துடன் பிறந்த துயரத்தின் பின் வந்த எச்சரிக்கை அது. நோக்கம் நல்லதே, விளைவோ, பெண்ணின் உடலைப் பற்றிய அறிவு பின்தங்கியதே. அஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அந்நாட்டில் நடந்த பேராய்வில் 22,071 வைத்தியர்கள் பங்குபற்றினர். அத்தனை பேரும் ஆண்கள். தடுக்கிறது என்ற இறுதி முடிவு 1989இல் வெளியாயிற்று. 39,876 பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்ட ஆய்வின் முடிவு 2005இலேயே வந்தது. பெண்களில் அஸ்பிரின் பாரிசவாதத்தை ஓரளவு குறைத்தது. முதல் மாரடைப்பையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்த பதில் அது. சொல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால், பெண்களுக்கான அளவை அந்நாட்டு அதிகாரிகள் பாதியாக்கியது 2013இல். அதுவரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருபாலாருக்கும் ஒரே அளவுதான். வெளிநாட்டுப் புத்தகங்களையும் மருந்துகளையும் கொண்டு நாமும் வைத்தியம் பார்க்கிறோம். ஆகவே அங்கு விடுபட்டது இங்கும் விடுபடுகிறது.

ஆனால் சகோதரிகளே, பெண்களை எண்ணத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாடே சாட்சி. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அத்தொகை ஏறத்தாழ முப்பது என்ற அளவில் உள்ளது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. படலை திறந்து வீட்டுக்கே வந்த மருத்துவமாதர், இலவச வைத்தியம், பெண்கள் பெற்ற கல்வி எல்லாம் சேர்ந்து இதைச் சாதித்தன. ஒவ்வொரு தாயின் மரணமும் இன்று ஏன், எப்படி என்று விசாரிக்கப்படுகிறது. எமது ரீச்சர் செய்ததும் அதைத்தானே?

குறை எங்கே என்றால், பிள்ளை பெற்று முடிந்ததும் எமது பெயர் அந்த இடாப்பிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் பிறெசரோ சீனி வருத்தமோ வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் ஆபத்து கூடுதல். ஆனால் ஐம்பது வயதில் அதை எவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பிள்ளை பெறாதவர்களின் பெயரோ அந்த இடாப்பில் ஏறியதே இல்லை.

ஆகவே இந்த நூற்றாண்டில் எமது சங்கத்தினரிடம் சில வேண்டுகோள்கள். சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நாட்டில் இயங்குகிறது. முப்பத்தைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும் கட்டாயம் போங்கள். தனியே போக வெட்கமென்றால் வகுப்புத் தோழியரோடு சேர்ந்து போங்கள். ஆறாம் தரத்துப் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் பாடசாலையிலேயே போடப்படுகிறது. தயங்காமல் சம்மதம் கொடுங்கள். வைத்தியரிடம் போனால் "வாய்வு" என்று தொடங்காதீர்கள். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். அதற்குப் பெயர் வைப்பது எமது வேலை. ஆய்வுக்காகக் கேள்விக்கொத்துடன் எவரும் வந்தால், விளக்கத்தைக் கேட்டு, விருப்பமானால் நீங்களே பதில் சொல்லுங்கள். வீட்டு ஆண்களிடம் விட்டுவிடாதீர்கள்.

விஞ்ஞானம் கற்கும் மாணவச் செல்வங்களே, நாளை எந்த ஆய்வு முடிவை வாசித்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் பெண்கள் எத்தனை பேர்?" விடை கிடைக்காவிட்டால் அந்த ஆய்வை நீங்களே செய்யுங்கள்.

அந்த அம்மா இன்று எம்மிடையே இல்லை. அவருக்கு நாம் எடுக்கத் தவறிய ஈசிஜிக்குச் சில நிமிடங்களே போதுமாயிருந்தன. இனி வரும் அம்மாமாருக்காவது அந்த நிமிடங்கள் கிடைக்க வேண்டும். வராத பிள்ளையைத் தேடக் கற்றுத் தந்த எமது கல்லூரித் தாய்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.