கோணலாக நின்ற எஞ்சின்

ரேடியோ அலைகளால் தரையிலிருந்து இயக்கப்படும் சிறு விமானத்தை நீங்கள் மைதானங்களில் பார்த்திருக்கக்கூடும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவைச் சேர்ந்தவர்களுள் சிலர் தம் கையாலேயே அதைச் செய்தும் இருப்பார்கள். அதன் மூக்கில் எஞ்சினைப் பொருத்துவது பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். நான்கு திருகாணிகளை முடுக்கும் வேலைதானே என்று எண்ணிவிட வேண்டாம். நானும் அப்படி எண்ணித்தான் கெட்டேன்.

என் முதல் விமானம் பால்ஸா மரத்தாலானது, பழகுவோருக்கென்றே அமைந்தது, இறக்கை உடலின் மேல் இருந்தது. அதற்கு 6.5 கன சென்டிமீட்டர் எஞ்சினும் 10 அங்குலப் புரொப்பெல்லரும் வாங்கினேன். எஞ்சின் தாங்கியைத் திருகவேண்டிய முன்பலகையில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். பலகை வலப்புறமாகச் சற்றே திரும்பியும், கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்தும் இருந்தது. செய்தவர்களின் கவனக்குறைவு என்று தீர்மானித்து, ஆப்பு செருகி, எஞ்சினை நேராக நிறுத்தினேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மறுநாள் விமானம் தரையில் ஓடத் தொடங்கியதுமே இடப்புறம் திரும்பி வேலியை நாடிற்று. எஞ்சினை உடனே அணைத்ததால் பிழைத்தது.

காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. நியூட்டனின் எதிர்வினை விதிப்படி, உடல் இடப்பக்கம் புரள முயல்கிறது. புரொப்பெல்லர் பின்னே தள்ளும் காற்றும் நேரே ஓடுவதில்லை. உடலைத் திருகுபோலச் சுற்றி வந்து, செங்குத்து வாலை இடப்பக்கத்தில் அடிக்கிறது. வால் வலப்புறம் நகர, மூக்கு இடப்புறம் திரும்புகிறது. மூக்கு நிமிர்ந்து ஏறும்போது, வலப்பக்கத்தில் கீழிறங்கும் அலகு அதிகக் காற்றைக் கவ்வி அதே திசைக்கு மேலும் தள்ளுகிறது.

இவ்வளவும் அறிந்த பின்னும் நான் ஆப்பை எடுக்கவில்லை. சுக்கான் எதற்கு இருக்கிறது? அதைச் சிறிது வலப்புறம் திருப்பி வைத்தேன். விமானம் அழகாகவே எழுந்தது. தரையிறக்குவதற்காக எஞ்சினைத் தணித்தேன். இடப்புறம் இழுத்த விசை மறைந்தது. திருப்பிய சுக்கானோ அப்படியே இருந்தது. விமானம் வலப்புறம் சரிந்து, இறக்கை முனையைத் தரையில் ஊன்றிற்று. இறக்கை இரண்டாயிற்று.

எஞ்சினையே வலப்புறம் திருப்பி வைப்பதன் நுட்பம் அப்போதுதான் விளங்கிற்று. தொல்லை எஞ்சினால் வருவது. அது விரைந்து ஓடினால் பெருகும், தணிந்தால் தணியும். எஞ்சினின் இழுவிசையே சாய்ந்திருந்தால், திருத்தமும் தொல்லையோடு கூடிக் குறையும். கீழ்ச்சாய்வும் அத்தகையதே. வேகம் மிகும்போது இறக்கையின் தூக்குவிசை மிகுந்து மூக்கு நிமிரும். அதைக் கீழ்ச்சாய்வு அடக்குகிறது.

சாய்வை அளப்பது எளிது. இறக்கையைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரைக் கிடையாக நிறுத்தி, அதன் முனையிலிருந்து வாலின் நடுப்புள்ளிவரை இருபுறமும் அளக்க வேண்டும். ஒரே அலகை இடமும் வலமும் திருப்பி அளந்தால் அலகின் பிழை கணக்கில் சேராது. 10 அங்குலப் புரொப்பெல்லரில் வலச்சாய்வு 2 டிகிரி என்றால், இடப்புற அளவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மிகும். குறைந்தால், தாங்கியின் இடப்பக்கத் திருகாணிகளில் பலகைக்கும் தாங்கிக்கும் இடையே வாஷர் இடலாம். துளைகளின் இடைவெளி 40 மில்லிமீட்டரானால் 2 டிகிரிக்கு 1.4 மில்லிமீட்டர் கனம் வேண்டும். இப்படித் திருப்பும்போது மூக்கு நடுவிலிருந்து விலகும். புரொப்பெல்லர் பலகைக்கு 100 மில்லிமீட்டர் முன்னே இருப்பின், தாங்கியை 3.5 மில்லிமீட்டர் இடப்புறம் தள்ளித் துளையிட்டால் மூக்கு நடுவிலேயே நிற்கும்.

எஞ்சின் நிமிஷத்திற்குப் 10,000 சுற்றுக்கு மேல் ஓடுவதால் திருகாணிகள் அதிர்ந்து தளரும். ஒவ்வொரு நாளும் முடுக்கிப் பார்க்க வேண்டும். எரிபொருளில் உள்ள எண்ணெய் மரத்தில் ஊறாதபடி பலகைக்கு எப்பாக்ஸி பூசுவதும் அவசியம். இன்று மின்மோட்டார் பொருத்துவோர் மிகுந்துவிட்டார்கள். எண்ணெய்த் தொல்லை அவர்களுக்கு இல்லை; சாய்வு அவர்களுக்கும் வேண்டும்.

கடைசிச் சோதனை ஆகாயத்தில்தான். நேராகப் பறக்கும்போது எஞ்சினை முழு வேகத்திற்கு ஏற்றுங்கள். மூக்கு இடப்புறம் போனால் இன்னொரு வாஷர். வலப்புறம் போனால் ஒன்றை எடுத்துவிடலாம். ஒட்டுப்போட்ட இறக்கையோடும், ஆப்பு நீங்கிய பலகையோடும் மீண்டும் எழுந்த என் விமானத்திற்கு வாஷர் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.