கணக்கறிந்தவர் கைவிட்ட கணக்கு
(திருகோணமலையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

   

"பொருளாதாரம் கற்றவர் ஒருவர் ஆள வந்தால் நம் துன்பம் தீராதா?" என்று இன்று பலரும் கேட்கிறார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து வயலின் விளைச்சலை வீழ்த்தி, 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்த நாட்டிலே இக்கேள்வி எழுவது இயல்பே. இதற்கு விடை தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பொருளாதார அறிஞர் ஒருவர் இந்நாட்டில் இருமுறை நிதி மந்திரியாக இருந்திருக்கிறார். அவரே கலாநிதி என். எம். பெரேரா. அவரைப் போற்றவும் நான் வரவில்லை, தூற்றவும் வரவில்லை. அவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே வந்தேன்.

1905ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த பெரேரா, லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் ஹரல்ட் லாஸ்கியிடம் பயின்று கலாநிதிப் பட்டத்தோடு திரும்பினார். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வெள்ளைக்கார அரசாங்கத்தின் நிழலிலே சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1934-35இல் மலேரியா நாட்டைச் சூறையாடியபோது, கேகாலைக் கிராமங்களிலே வீடு வீடாகச் சென்று உதவினார். அவர் பருப்புப் பங்கிட்டதைக் கண்ட ஏழை மக்கள் அவருக்குப் "பருப்பு மாத்தையா" என்று பெயரிட்டனர். 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டே ருவான்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

யுத்த காலத்தில், 1940இல், அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் இலங்கையைத் தாக்கின. நமது திருகோணமலை மீது 9ஆம் திகதி குண்டு விழுந்தது. அதே மாதத்தில் பெரேராவும் தோழர்களும் கண்டிச் சிறையிலிருந்து தப்பி, பின்னர் இந்தியாவுக்குச் சென்றனர். 1943இல் பம்பாயில் பிடிபட்ட அவர் மீண்டும் சிறை புகுந்தார். கொள்கைக்காக இன்னல் ஏற்ற மனிதர் அவர் என்பதில் எவருக்கும் ஐயம் வேண்டாம்.

1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. அஞ்சிய மந்திரிசபை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது! அந்தக் கடற்படை அன்று தளம் கொண்டிருந்தது நமது துறைமுகத்திலே. 1957 அக்டோபரில்தான் அது நம் கைக்கு மீண்டது. ஹர்த்தாலில் உயிர்கள் பலியாயின. சில வாரங்களிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

இனி நமது கணக்குக்கு வருவோம். 1955இல், தென்னிலங்கை எங்கும் "சிங்களம் மட்டும்" என்ற கூச்சல் கிளம்பிய வேளையிலே, சிங்களமும் தமிழும் சமமான அரச கரும மொழிகளாதல் வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் இந்தப் பெரேரா. வாக்கு வேட்டைக்கு அது உதவாது என்பதை அவர் அறியாதவரல்லர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும் அவர் கட்சி எதிர்த்தே வாக்களித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலே தமிழரசுக் கட்சியின் மாநாடு இதே திருகோணமலையில் கூடிச் சமஷ்டி கோரிற்று. தென்னிலங்கையிலும் நமக்காகப் பேச ஒரு குரல் உண்டென்று நம்மவர் அன்று நம்பினார்கள்.

அந்தக் குரல் எங்கே போயிற்று? 1964இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் மந்திரிசபையிலே பெரேரா நிதி மந்திரியானார். 1966 ஜனவரியில் தமிழ்மொழிப் பிரமாணங்கள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அவற்றை எதிர்த்தோர் வரிசையிலே அவர் கட்சியும் நின்றது. 1970இல் மீண்டும் நிதி மந்திரியானார். 1972இன் அரசியலமைப்பு சிங்களத்தையே அரச கரும மொழியாக நிலைநிறுத்திற்று. சிறுபான்மையோருக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பையும் கைவிட்டது. அதைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் அவருடைய தோழர் கொல்வின் ஆர். டி சில்வா!

நிதி மந்திரியாக அவர் செய்தவற்றையும் நேர்மையோடு சொல்வோம். கறுப்புப் பணத்தை வெளிக்கொணர 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதவையாக்கினார். அந்நியச் செலாவணி இல்லாமையால் மிளகாய், வெங்காய இறக்குமதி நின்றது. தமிழ்க் கமக்காரன் நாலு காசு கண்டான். மறுபுறம், 1973இல் எண்ணெய் விலையும் உணவு விலையும் உலகெங்கும் ஏறியபோது பங்கீடு வெட்டப்பட்டது. பாணுக்கு மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றனர். அரிசிக்காக ஹர்த்தால் நடத்தியவரே அரிசியைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1975இல் பிரதமர் அவரைப் பதவி நீக்கினார். 1977 தேர்தலில் அவரும் தோற்றார். அவர் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1979 ஆகஸ்டில் அவர் காலமானார்.

பெருமக்களே! "முதலில் வயிறு, பிறகு மொழி" என்று நமக்குப் போதித்தார்கள். கச்சேரியிலிருந்து வரும் காணிக் கடிதத்தை வாசிக்க முடியாத கமக்காரனுக்கு வயிறு வேறு, மொழி வேறா? சிங்களப் பரீட்சையில் தேறாததால் சம்பள உயர்வை இழந்த எழுதுவினைஞனுக்கு அது பொருளாதார நட்டமன்றி வேறென்ன? மிளகாய்க்கு விலை கிடைத்த அதே காலத்தில், பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவன் கூடுதல் புள்ளி பெற வேண்டுமென்ற விதியும் வந்ததே! சமத்துவம் இல்லாத வரவுசெலவுக் கணக்கு ஒருநாளும் சரிவராது. 1955இல் இதைக் கண்டவர் பெரேரா. பதவி வந்தபோது அதைக் கைவிட்டவரும் அவரே. பாதிக் கணக்கை விட்டுக்கொடுத்து மறுபாதியைக் காக்க நினைத்தார், இரண்டும் கைநழுவின.

ஆகவே, நாளை பட்டம் பெற்ற பொருளாதார அறிஞர் ஒருவர் உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வந்தால், அவர் படிப்பை மதியுங்கள், உட்காரச் சொல்லுங்கள், உர விலையையும் நெல் விலையையும் கேளுங்கள். கேட்டபின், "ஐயா, காற்று எதிராக வீசும் நாளிலும் எங்களைச் சமமாக வைத்துத்தான் கணக்குப் பார்ப்பீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அவர் தரும் மறுமொழியைக் கேட்ட பிறகு உங்கள் வாக்கைத் தீர்மானியுங்கள்.